பெயர் வேண்டாத உபயகாரர்

ஆகஸ்ட் மாதம் நடக்கும் சிட்னி ‘சிட்டி டு சர்ஃப்’ ஓட்டத்துக்கு நானும் பெயர் பதிந்தேன். 1971 முதல் நடக்கிற ஓட்டம். ஹைட் பார்க்கில் தொடங்கி பொண்டாய் கடற்கரையில் முடியும். மொத்தம் 14 கிலோமீட்டர். பாதி வழியில் வரும் ஏற்றத்துக்கு ‘ஹார்ட்பிரேக் ஹில்’ என்று பெயர். ஓடி முடித்தேன், முழங்கால் இன்னும் இருக்கிறது. சொல்ல வந்தது அந்த ஓட்டத்தை வைத்து நன்கொடைக் காசு சேர்த்த கதை.

இளையோர் மனநலச் சேவைக்காகக் கேட்டேன். மனநோய்களில் பெரும்பாலானவை 25 வயதுக்குள்ளேயே தலைகாட்டிவிடும். அதனால்தான் 2006-இல் இங்கே ‘ஹெட்ஸ்பேஸ்’ என்ற அந்தச் சேவை தொடங்கியபோது 12 முதல் 25 வயது வரை என்று வைத்தார்கள். டாக்டரின் கடிதம் இல்லாமலே ஒரு பிள்ளை நேரே போய்க் கதவைத் தட்டலாம். தட்டிய பிறகு காத்திருக்க வேண்டியிருக்கிறது என்பது வேறு கதை. கட்டடத்தை விட ஆலோசகர்கள் கிடைப்பதுதான் கஷ்டம்.

நம்மவர்கள் காசு தரமாட்டார்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தாராளமாகத் தந்தார்கள். கணக்காளர் நண்பர் ஒருவர் மட்டும், “இதை ஜூன் 30-க்கு முதல் கேட்டிருக்கக் கூடாதோ? இந்த வருச வரியிலேயே கழிச்சிருப்பன்” என்று சலித்துக்கொண்டே அனுப்பினார். ஆனால் நன்கொடைப் பக்கத்தைத் திறந்து பார்த்தால், வெள்ளைக்காரப் பெயர்களுக்கு நடுவே ‘பெயர் குறிப்பிட விரும்பாதவர்’, மறுபடியும் ‘பெயர் குறிப்பிட விரும்பாதவர்’. யார் யார் என்று எனக்குத் தெரியும். வங்கியில் போட்ட கையோடு தொலைபேசியில் சொன்னவர்கள்தானே. கோயில் திருவிழா நோட்டீசில் தம் பெயருக்கு முன்னெழுத்து விடுபட்டதற்காக நிர்வாகத்தோடு சண்டை பிடித்த அண்ணரும் அதில் ஒருவர்.

அடக்கம் என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை. “பேரைக் கண்டால் சனம் எங்கட வீட்டிலதான் ஏதோ எண்டு கதைக்கும்” என்று ஒருவர் வெளிப்படையாகவே சொன்னார். புற்றுநோய்க்குக் கொடுத்தால் யாரும் அப்படிக் கதைப்பதில்லை.

எனக்குப் பெயரில்லாத 100 டொலரை விடப் பெயரோடு வரும் 5 டொலர் பெரிது. அந்தப் பட்டியலை நம் பிள்ளைகளும் பார்க்கிறார்கள். செலெக்டிவ் பள்ளிக்கூடம், கோச்சிங், பல்கலைக்கழக நுழைவுக்கான ஏடார் தரவரிசை என்று வளர்ந்து, இரவில் தூக்கம் வராமல் கிடக்கிற ஒரு பெண்பிள்ளை, அதில் தன் அம்மாவின் சிநேகிதி பெயரைக் கண்டால், பேசக்கூடிய ஒரு பெரிய ஆள் இருக்கிறார் என்றாவது அறிந்துகொள்ளும். ஆலோசகரிடம் போவதற்கு முன் அந்தப் பிள்ளைக்கு வேண்டியது அதுதான்.

இதை வெஸ்ட்மீட்டில் இருக்கும் அக்கா ஒருவரிடம் சொன்னேன். கொஞ்சம் யோசித்தார்.

“அப்ப என்ர பேரைப் போடு தம்பி. இவற்ற பேரைச் சேர்க்காத. இவருக்கு நான் இன்னும் சொல்லேல்ல.”