தவிடும் நம்முடையதே

இரணைமடு நீரில் விளைந்த காலபோக நெல், களத்திலே ஈரம் உலருமுன்பே வெளிமாவட்ட வியாபாரிகளின் வண்டியில் ஏறிவிடுகிறது. விலை போதாதென்று முறையிடுகிறோம். நியாயமான முறையீடுதான். ஆனால், நெல்லோடு தவிடும் குறுணலும் போகின்றனவே, அதனை எண்ணிப் பார்த்தோமா? 1000 கிலோ நெல்லில் ஏறத்தாழ 80 கிலோ தவிடு உண்டு. வன்னியை விட்டுப் போகும் தவிட்டுக்கு நமக்கு ஒரு சதமும் இல்லை; கோழித்தீன் மூடைக்கோ பிறர் சொல்வதே விலை!

இறைச்சிக்கோழி வளர்ப்பில் செலவின் மூன்றிலிரண்டு பங்கைத் தீனே விழுங்குகிறது. 2021இல் இரசாயன உரத்துக்குத் தடை வந்தது. சோள விளைச்சல் வீழ்ந்தது. 2022இல் அந்நியச் செலாவணியும் வற்றியது. தீனின்றிக் கூடுகளை மூடியவர்கள் அந்நாளை மறந்திருக்க மாட்டார்கள்.

சட்டம் படித்தோருக்குக் கோழிக்கூட்டில் என்ன வேலை என நகைப்போர் நகைக்கட்டும். தவிடு குப்பையன்று, நூற்றுக்குப் பதினைந்து பங்களவு எண்ணெய் கொண்டது. அந்த எண்ணெயே அதன் பகையும் ஆகிறது. பச்சை நெல்லின் தவிடு, குற்றிய சில நாட்களிலேயே கெட்டு நாறும். நெல்லைப் புழுக்கினால், எண்ணெயைச் சிதைக்கும் நொதியம் வெப்பத்தில் அழிந்துவிடும். புழுங்கலரிசி உண்ணும் நமக்கு இது புதிய வித்தையா?

எனினும், தவிட்டை அள்ளிக் கொட்டுதல் தகாது. நாரும், எரியத்தைப் பிணைத்து வைக்கும் பைற்றேற்றும் அதில் மிகுதி. குஞ்சுகளுக்கு நூற்றுக்கு ஐந்து, வளர்ந்தவற்றுக்குப் பத்து என்ற அளவில் தொடங்குவதே பாதுகாப்பு. சோளத்திலும் தவிட்டில் சக்தி குறைவு. ஆறு வாரத்தில் எடையேற வேண்டிய கோழிக்கு அக்குறையை நிரப்ப, 100 கிலோ தீனில் இரண்டு மூன்று கிலோ தாவர எண்ணெய் சேர்ப்பர். எண்ணெய், மாப்பொருளிலும் இரண்டேகால் மடங்கு சக்தி தருவது. விலையேறியதென்பது உண்மையே. அதற்காகப் பொரித்துக் கருகிய உணவுக்கடை எண்ணெயை வாங்கி ஊற்றுவோர் கோழிக்கும் உண்போருக்கும் தீங்கு செய்கின்றனர்.

தவிட்டில் உமியை அரைத்துக் கலப்போரும் உளர். 1986ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க விலங்குத் தீவனச் சட்டம் ஏட்டில் உறங்குவதற்கா இயற்றப்பட்டது? விற்பனைக்குத் தீன் கலக்க முனையும் கூட்டுறவுச் சங்கங்களும் அச்சட்டப்படி பதிவுபெறுதல் வேண்டும்.

அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விவசாய பீடம் இருக்கிறது. தவிட்டைப் பரிசோதித்துக் கலவை வகுத்துத் தருமாறு நம் சங்கங்கள் எழுத்து மூலம் கேட்கட்டும். புழுக்கும் வசதியுடைய ஆலைகளை நம் மாவட்டங்களிலேயே நிறுவ நிதி ஒதுக்குமாறு, வாக்குக் கேட்டு வந்த பிரதிநிதிகளை நாம் கேட்போம். தை பிறந்தால் அறுவடை. அதற்கு முன்பே கேட்போம்.