பூதங்களுக்குச் சக்கரம்

உங்கள் வீட்டில் பெரிய ஸ்பீக்கர் பெட்டி இருக்கிறதா? அலமாரித் தட்டில் அடங்கும் சின்னப் பெட்டியைச் சொல்லவில்லை. தரையில் துவாரபாலகர் மாதிரி ஜோடியாக நிற்குமே, அதைச் சொல்கிறேன். இல்லை என்றாலும் பாதகமில்லை, படித்து வையுங்கள். அரிசி டிரம்முக்கும் இந்த யுக்தி ஆகும்.

சென்ற ஐப்பசியில் மாரமங்கலம் போயிருந்தேன். சேர்வராயன் மலையில், ஏற்காட்டுப் பக்கத்து ஊர். சேலத்திலிருந்து ஏறும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். தலைசுற்றல் தீராமலே வீடு போய்ச் சேர்ந்தேன். கொஞ்சம் காப்பியும் மிளகும் வைத்துக்கொண்டு என் நாத்தனார் அங்கே குடித்தனம் செய்கிறாள். வாசலுக்கு ஓடி வருகிறவள் அன்று வரவில்லை. இடுப்பில் தைலம் தடவிக்கொண்டு படுத்திருந்தாள்.

"பையன் வெளிநாடு போகும்போது விட்டுப்போன பூதங்கள், அண்ணி!" என்று கூடத்தைக் காட்டினாள். இரண்டு பெட்டிகள். ஒவ்வொன்றும் 30 கிலோ. உயரம் ஒரு மீட்டர், அகலமோ ஒரு ஜாண்.

"நகர்த்தாமல் விட்டுவிடேன்" என்றேன். முடியாதாம். அடைமழைக் காலத்தில் மேகம் ஜன்னல் வழியாகவே உள்ளே வரும் ஊர் அது. சுவரோடு ஒட்டிக் கிடந்தால் பின்புறமெல்லாம் பூஞ்சணம். அதோடு மூலையில் இருந்தால் அடித்தொனி குமுறுகிறது. மிருதங்கம் பானைக்குள் வாசித்தாற்போல் கேட்கிறது. அவள் மாமியாருக்குத் தினமும் மாலையில் கச்சேரி கேட்டாக வேண்டும். கேட்கும்போது பெட்டிகளை முன்னுக்கு இழுப்பதும், கேட்டபின் அந்த அம்மாள் கைத்தடியோடு நடக்க வழிவிட்டு உள்ளே தள்ளுவதும் நித்திய கைங்கரியம்.

இடுப்புப் பிடித்தது கூடப் பெரிதல்ல. முந்தின வாரம் தள்ளும்போது ஒரு பெட்டி சாய்ந்து, மாமியார் காலுக்கு ஒரு சாண் தள்ளி விழுந்திருக்கிறது.

ஏன் சாய்ந்தது? அடியில் இருந்த ரப்பர் காலோ தரையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தது. இவளோ தோள் உயரத்தில் கைவைத்துத் தள்ளினாள். அடி நகரவில்லை, தலை நகர்ந்தது! ஒல்லியான, உயரமான சாமானை எப்போதும் தாழப் பிடித்துத் தள்ளவேண்டும். அகலம் குறைந்த பக்கமாகத் தள்ளவே கூடாது.

அவசரத்துக்கு நம் பாட்டிமார் வழி இருக்கிறது. டிரங்குப் பெட்டிக்கு அடியில் பழைய கம்பளியை மடித்துக் கொடுத்து இழுப்பார்கள் அல்லவா? சிமெண்டுத் தரையில் அது வழுக்கிக்கொண்டு வரும். கம்பளித் துண்டுகளைக் காலில் ஒட்டியே விடலாமே என்பீர்கள். மலையில் அது ஈரத்தைக் குடிக்கிறது. மண்ணைப் பிடித்துக்கொண்டு சிவப்புத் தரையைக் கீறியும் விடுகிறது.

ஆகவே ஆசாரியைக் கூப்பிட்டோம். தோட்டத்தில் மிளகுக்கொடி ஏற்றும் சில்வர் ஓக் மரப் பலகை வீட்டிலேயே கிடந்தது. அதில் ஒரு அங்குலக் கனத்துக்கு, பெட்டியைவிட நாலு பக்கமும் நாலு அங்குலம் கூடுதலாக இரண்டு துண்டு அறுத்தார். மூலைக்கொன்றாக ரப்பர் சக்கரங்கள். முன்னிரண்டுக்கும் பிரேக் உண்டு. பெட்டி நழுவாதிருக்க மேலே சுற்றிலும் ஒரு சட்டம். கால் தடுக்காமலிருக்க விளிம்பில் வெள்ளைப் பெயிண்டு. அகலத்தில்தான் சூட்சுமம்: சக்கரங்கள் விலகி நின்றால்தான் பெட்டி சாயாது. பெட்டியிலேயே ஆணி அடித்துச் சக்கரம் பூட்டிவிடாதீர்கள். துளை விழுந்தால் காற்றுக் கசியும், நாதம் கெடும்.

பலகையில் ஏற்றும்போது இரண்டு பேர் வேண்டும். முதலில் பிரேக்கை அழுத்தி விடுங்கள். முன்பக்கத்துத் துணியில் கைவைத்து அமுக்காதீர்கள். உள்ளே இருக்கும் கூம்பு நசுங்கிவிடும். நகர்த்துமுன் ஆம்ப்ளிஃபயரை அணைத்துவிடுங்கள். ஒயர் இழுபட்டு இரண்டு கம்பிகளும் உரசினால் அது பாழாகலாம். ஒயரும் கொஞ்சம் தாராளமாக இருக்கட்டும், ஆனால் நடைபாதையில் கிடக்கவேண்டாம்.

விஷயம் கேட்ட மருமான் டெலிபோனில், "சக்கரத்தில் வைத்தால் சத்தம் கெட்டுவிடும், அத்தை" என்றான். பெட்டி ஆடினால் கெடத்தான் செய்யும். அதற்காகப் பிரேக்கோடு பலகைக்கு அடியில் இரண்டு மர ஆப்பும் செருகினோம். அப்படியும் நாதம் ஒரு மாற்றுக் குறைந்தால் குறையட்டுமே! கேட்கிற மாமியாருக்குக் காலும் தள்ளுகிற மருமகளுக்கு இடுப்பும் மிஞ்சவேண்டாமா?

நல்ல இடம் எது என்று ஒருநாள் முழுக்க நகர்த்தி நகர்த்திக் கேட்டுப் பார்த்தோம். சுவரைவிட்டு இரண்டடி தள்ளி நின்றபோது மிருதங்கம் பானையைவிட்டு வெளியே வந்தது. அந்த இடத்தில் நாத்தனார் கோலப்பொடியால் எட்டுப் புள்ளி வைத்தாள். இப்போது மாலையில் சக்கரத்தைப் புள்ளிக்கு உருட்டுவது மாமியார்தானாம், ஒற்றைக் கையால்.