இரண்டு விநாடியின் மதிப்பு



வரிசையில் நிற்காதவர் நம்மில் எவரும் இலர். நியாயவிலைக் கடை, அரசு மருத்துவமனையில் மருந்து வழங்கும் இடம், கிருஷ்ணகிரி சுங்கச் சாவடி என்று எங்கு சென்றாலும் வரிசைதான். தாமதமானால் சற்றுச் சலித்துக்கொள்வோம், பிறகு மறந்துவிடுவோம். ஆனால் விமான நிலையத்தின் பாதுகாப்புச் சோதனை வரிசை அத்தகையதன்று. அங்கே தாமதமானால் விமானம் போய்விடும். வேலைக்கான நேர்முகத் தேர்வோ, உறவினரின் இறுதிச் சடங்கோ அந்த ஒரு வரிசையில் சிக்கிக்கொள்ளும். அதே வேளையில், அங்கே சோதிப்பவர் அவசரப்பட்டால் விமானத்தில் ஏறும் அத்தனை பேருக்கும் ஆபத்து நேரலாம்.

இவ்வரிசையைப் பற்றி மக்கள் இரண்டு விதமாகப் பேசுவதைக் கேட்கலாம். "பாதுகாப்பு வேண்டுமென்றால் காத்துத்தான் கிடக்க வேண்டும்" என்பர் சிலர். "இவ்வளவு சோதனை எதற்கு? குறைத்துவிட்டால் கூட்டம் குறையும்" என்பர் வேறு சிலர். இரண்டும் தவறு என்பது என் கருத்து. சோதனையைச் சிறிதும் தளர்த்தாமலே காத்திருப்பைப் பெருமளவு குறைக்க முடியும். ஏனெனில் காத்திருப்பு தலைவிதியன்று. அது அளக்கக்கூடிய, கணக்கிடக்கூடிய ஓர் அளவு.

நமக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

ஓசூர், கிருஷ்ணகிரிப் பகுதியினர் விமானம் ஏற வேண்டுமானால் பெரும்பாலும் தேவனஹள்ளியில் உள்ள பெங்களூரு கெம்பேகவுடா விமான நிலையத்துக்கே செல்கின்றனர். 2008 மே மாதத்தில் திறக்கப்பட்ட அந்நிலையம் பெங்களூரு நகரின் வடபுறத்தில் இருக்கிறது. நாமோ தென்புறத்தில் இருக்கிறோம். ஓசூரிலிருந்து எழுபது கிலோமீட்டருக்கு மேல், நகரின் நெரிசலைத் தாண்டிச் செல்ல வேண்டும். சாலையில் எவ்வளவு நேரமாகும் என்பது தெரியாது. சோதனை வரிசையில் எவ்வளவு நேரமாகும் என்பதும் தெரியாது. எனவே ஒரு மணி நேரப் பயணத்துக்காக ஐந்து மணி நேரம் முன்னதாகப் புறப்படுவோர் உண்டு. நிச்சயமின்மைக்கு நாம் கொடுக்கும் விலை இது.

இந்நிலை மாறக்கூடும். ஓசூரில் 2,000 ஏக்கர் பரப்பில், ஆண்டுக்கு 3 கோடிப் பயணிகளைக் கையாளும் பன்னாட்டு விமான நிலையம் அமைக்கப்படும் என்று தமிழக முதலமைச்சர் 2024 ஜூன் 27 அன்று சட்டமன்றத்தில் அறிவித்தார். அது அமையும் காலத்தில் அதை வரைபவராகவோ, அங்கே பணிபுரிபவராகவோ, அதன் வழியே பயணம் செய்பவராகவோ உங்களில் பலர் இருப்பீர்கள். ஆகவே இப்போதே இதைச் சிந்திப்பது நல்லது.

சோதனை ஏன் வந்தது?

1971 ஜனவரி 30 அன்று ஸ்ரீநகரிலிருந்து ஜம்முவுக்குப் புறப்பட்ட இந்திய விமானம் ஒன்று லாகூருக்குக் கடத்தப்பட்டது. கடத்திய இருவரிடம் இருந்தவை போலித் துப்பாக்கியும் மரத்தாலான போலிக் கைக்குண்டுமே! 1984 ஆகஸ்ட் 2 அன்று நம் சென்னை மீனம்பாக்கம் விமான நிலையத்திலேயே பெட்டியில் இருந்த குண்டு வெடித்து முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 1985 ஜூன் 23 அன்று 'கனிஷ்கா' விமானம் அட்லாண்டிக் கடலின் மேல் வெடித்துச் சிதறி 329 பேர் உயிரிழந்தனர். 1999 டிசம்பரில் காத்மாண்டுவிலிருந்து டெல்லிக்கு வந்த விமானம் காந்தகாருக்குக் கடத்தப்பட்டது. அதன் பின்னரே, 2000-ஆம் ஆண்டு முதல், விமான நிலையங்களின் காவல் படிப்படியாக மத்தியத் தொழிலகப் பாதுகாப்புப் படையிடம் ஒப்படைக்கப்பட்டது. இவ்வளவு உயிர்களை இழந்து கற்ற பாடத்தை, வரிசை நீளமாக இருக்கிறது என்பதற்காக நாம் கைவிடலாகாது.

கருவிகள் என்ன செய்கின்றன?

நாம் நுழையும் உலோகமறி வாயிலின் சட்டத்துக்குள் கம்பிச் சுருள்கள் உள்ளன. அவை மாறிக்கொண்டே இருக்கும் காந்தப்புலத்தை உண்டாக்குகின்றன. இடுப்புவாரின் கொக்கி போன்ற உலோகம் அப்புலத்தினுள் வந்தால் அதில் சுழல் மின்னோட்டம் தோன்றும். அம்மின்னோட்டம் தன் பங்குக்கு ஒரு காந்தப்புலத்தை எழுப்பும். அதை உணர்ந்து மணி ஒலிக்கும். 1831-இல் ஃபாரடே கண்ட மின்காந்தத் தூண்டலே இது. உங்கள் பாடநூலில் உள்ளதுதான்.

கைப்பை எக்ஸ் கதிர்க் கருவியினுள் செல்கிறது. இரு வேறு ஆற்றல் கொண்ட கதிர்கள் எவ்வளவு உட்கவரப்படுகின்றன என்பதை ஒப்பிட்டு, கருவி பொருள்களுக்கு நிறம் கொடுக்கிறது. உணவு, துணி, பிளாஸ்டிக், பல வெடிபொருள்கள் ஆகிய கரிமப் பொருள்கள் ஆரஞ்சு நிறத்திலும் உலோகங்கள் நீல நிறத்திலும் தெரியும். மடிக்கணினியை ஏன் வெளியே எடுக்கச் சொல்கிறார்கள்? அதன் மின்கலமும் சுற்றுப் பலகையும் அடர்த்தியானவை. அவற்றின் நிழலில் வேறொரு பொருள் மறைந்துவிடலாம். மருத்துவமனையில் உள்ள சி.டி. ஸ்கேன் போலப் பல கோணங்களிலிருந்து படமெடுக்கும் புதிய கருவிகளில் இத்தொல்லை குறைவு. பெங்களூருவின் இரண்டாம் முனையத்தில் இத்தகைய கருவியின் சோதனை ஓட்டம் 2023-ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கியது.

எந்தக் கருவியானாலும் இறுதியில் திரையைப் பார்த்து முடிவு செய்பவர் ஒரு மனிதர். அவரை விரட்டினால் தவறு நேரும். எனவே, அவருக்குரிய நேரத்தில் நாம் கை வைக்கக் கூடாது. அப்படியானால் நேரத்தை எங்கே மிச்சம் பிடிப்பது? கணக்கு விடை சொல்லும்.

வரிசையின் கணக்கு

1909-ஆம் ஆண்டில் கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் பணியாற்றிய எர்லாங் என்ற டென்மார்க் அறிஞர், தொலைபேசி அழைப்புகளின் நெரிசலை ஆராய்ந்து வரிசைக் கணிதத்துக்கு அடிகோலினார். அக்கணிதத்தை நம் சோதனை வரிசைக்குப் பொருத்துவோம்.

ஒரு சோதனைக் கருவி, சராசரியாக ஒருவருக்கு 20 விநாடி வீதம் நிமிடத்துக்கு 3 பேரை அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். அதாவது மணிக்கு 180 பேர். மணிக்கு 90 பேர் வந்தால் காத்திருப்பே இராது என்று தோன்றும். ஆனால் மக்கள் கடிகாரம் வைத்துக்கொண்டு சீராக வருவதில்லை. ஐந்து பேர் சேர்ந்து வருவர். பிறகு சிறிது நேரம் எவரும் வாரார். ஒருவர் பத்து விநாடியில் முடிப்பார். இன்னொருவர் பையின் அடியில் சாவியைத் தேடுவார். ஆள் வராத நேரத்தில் வீணாகும் விநாடியைச் சேமித்து வைத்துப் பிறகு பயன்படுத்த முடியாது. அங்கேதான் வரிசை பிறக்கிறது.

வருகையும் சோதனை நேரமும் இப்படித் தாறுமாறாக அமையும்போது பயன்படும் எளிய விதி ஒன்று உண்டு. கருவியின் திறனில் எத்தனை பங்கு பயன்படுகிறது என்ற எண்ணை, மிச்சமிருக்கும் திறனால் வகுத்தால் சராசரிக் காத்திருப்பு கிடைக்கும். மணிக்கு 90 பேர் என்பது நிமிடத்துக்கு 1.5 பேர். பயன்படும் பங்கு 0.5; மிச்சத் திறன் 1.5. வகுத்தால் மூன்றில் ஒரு நிமிடம், அதாவது 20 விநாடி. மணிக்கு 162 பேர் வந்தால் பங்கு 0.9, மிச்சம் 0.3, காத்திருப்பு 3 நிமிடம். மேலும் ஒன்பதே பேர் கூடி 171 ஆனால் பங்கு 0.95, மிச்சம் 0.15, காத்திருப்பு 6 நிமிடம் 20 விநாடி! ஆள் ஒன்பது பேர் கூடியதும் காத்திருப்பு இரண்டு மடங்குக்கு மேலாகிவிட்டது. முழுத் திறனை நெருங்க நெருங்க, வரிசை கட்டுக்கடங்காமல் வளரும்.

இதன் மறுபக்கம் நமக்குச் சாதகமானது. அதே 171 பேருக்கு, ஆளுக்கு 20 விநாடிக்குப் பதிலாக 18 விநாடி ஆனால் என்னவாகும்? திறன் மணிக்கு 200 ஆகிறது. காத்திருப்பு ஏறத்தாழ ஒன்றே முக்கால் நிமிடமாகக் குறைகிறது. ஒவ்வொருவரும் மிச்சம் பிடித்தது இரண்டே விநாடி. ஒவ்வொருவருக்கும் கிடைத்த இலாபமோ நான்கரை நிமிடம்! அந்த இரண்டு விநாடியைத் திரையைப் பார்ப்பவரிடமிருந்து பறிக்க வேண்டியதில்லை. இடுப்புவாரையும் நாணயங்களையும் முன்கூட்டியே தட்டில் வைத்தால் போதும். நால்வர் ஒரே நேரத்தில் பொருள்களை எடுத்து வைக்கும்படி நீளமான மேசை இருந்தால், முன்னால் நிற்பவரின் தாமதம் பின்னால் நிற்பவரைப் பாதிக்காது.

நம் எல்லைப்புறமே கற்பித்த பாடம்

வரிசையைக் குறைக்கும் மற்றொரு வழி, அங்கே செய்ய வேண்டாத வேலையை முன்னரே முடித்துவிடுவது. தமிழக, கர்நாடக எல்லையில் வணிகவரிச் சோதனைக்காக லாரிகள் நின்ற காலம் ஒன்று இருந்தது. 2017 ஜூலையில் சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்ததும் அச்சோதனைச் சாவடிகள் நீக்கப்பட்டன. இப்போது சரக்கின் விவரம் வண்டி புறப்படும் முன்னரே மின்வழியில் பதிவாகிறது. 2021 பிப்ரவரி முதல் ஃபாஸ்டாக் கட்டாயமானதால் சுங்கச் சாவடியில் சில்லறை தேடும் வேலையும் ஒழிந்தது. விமான நிலையத்தில், 2022 டிசம்பரில் பெங்களூரு உள்ளிட்ட இடங்களில் தொடங்கிய 'டிஜி யாத்ரா' என்ற முகம் அறியும் முறை, சீட்டையும் அடையாள அட்டையையும் காட்டும் நேரத்தைக் குறைக்கிறது. ஆனால் ஒரு வேறுபாட்டை மறவாதீர்கள். வரியையும் பெயரையும் முன்பே பதிவு செய்யலாம். பைக்குள் இருக்கும் கத்தியை முன்பே பதிவு செய்ய முடியாது. அதை நேரில் பார்த்துத்தான் ஆக வேண்டும்.

சராசரிக்கு அப்பால்

சராசரிக்குள் மறைந்துபோகும் மனிதர்களும் உண்டு. பெண்களைத் திரைமறைவில் பெண் காவலர் சோதிக்கின்றனர். அத்தகைய தடுப்பறைகள் குறைவாக இருக்கும் இடத்தில் பெண்களின் வரிசை மட்டும் நீளும். 1981-இல் விபத்துக்குப் பின் ஒரு காலை இழந்து, செயற்கைக் காலுடன் மீண்டும் மேடையேறிய நடனக் கலைஞர் சுதா சந்திரன், ஒவ்வொரு விமானப் பயணத்திலும் அக்காலைக் கழற்றச் சொல்கிறார்கள் என்று 2021 அக்டோபரில் வெளிப்படையாக வருந்தினார். பாதுகாப்புப் படை அவரிடம் வருத்தம் தெரிவித்தது. அவரது வலியை நிமிடங்களால் அளக்க முடியாது. முதன்முறை விமானம் ஏறும் ஊத்தங்கரைப் பாட்டிக்கும், சக்கர நாற்காலியில் வருபவருக்கும் போதிய நேரமும் இடமும் கொடுத்துவிட்டு, அதற்குப் பின் மற்றவர்களுக்கான கணக்கைப் போடுவதே முறை.

ஓசூரில் நிலையம் அமைந்தால் எத்தனை சோதனைக் கருவிகள் வேண்டும்? 3 கோடிப் பயணிகளில் பாதிப் பேர் அங்கிருந்து புறப்படுபவர் எனக் கொண்டால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 41,000 பேர். 24 மணி நேரத்துக்கும் சமமாகப் பங்கிட்டால் மணிக்குச் சுமார் 1,700 பேர். மணிக்கு 180 பேர் வீதம் பத்துக் கருவிகள் போதும் என்று கணக்குப்பிள்ளை சொல்வார். காலை நேரத்தில் இரு மடங்குக் கூட்டம் வந்தால் ஒரு மணி நேரத்தில் 1,600 பேர் தேங்கி நிற்பர் என்று நீங்கள் சொல்ல வேண்டும். கருவிக்கு ஒரு வரிசை என்றில்லாமல், எல்லாக் கருவிகளுக்கும் பொதுவாக ஒரே வரிசை அமைத்தால் காத்திருப்பு குறையும் என்றும் சொல்ல வேண்டும். ஓசூர் சிப்காட் தொழிற்சாலைகளில் ஒரு திருகாணியை முடுக்க எத்தனை விநாடி என்று அளந்து வேலையை அமைக்கிறார்கள். இயந்திரத்துக்குக் காட்டும் அந்த அக்கறையை மனிதரின் நேரத்துக்கும் காட்டினால் என்ன? காத்திருப்பு நேரத்தை நாள்தோறும் அளந்து, பயணிகள் அறியப் பலகையில் எழுதி வைப்பது ஒவ்வொரு விமான நிலையத்தின் கடமையாக வேண்டும்.

இதைப் பழக விமான நிலையம் செல்ல வேண்டியதில்லை. உங்கள் பள்ளியின் மதிய உணவு வரிசையே போதும். உங்களுக்கு முன் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். நிமிடத்துக்கு எத்தனை பேர் உணவு பெற்று நகர்கின்றனர் என்று பாருங்கள். முதல் எண்ணை இரண்டாம் எண்ணால் வகுத்தால் நீங்கள் காத்திருக்கப்போகும் நிமிடம் கிடைக்கும். அறுபது பேர், நிமிடத்துக்கு மூவர் என்றால் இருபது நிமிடம். ஒரு வாரம் குறித்து வைத்து, தட்டை எங்கே அடுக்கினால், யார் எங்கே நின்றால் சில விநாடி மிச்சமாகும் என்று கண்டுபிடித்துத் தலைமையாசிரியரிடம் சொல்லுங்கள். வரிசையைக் கண்டு சலித்துக்கொள்பவர் பலர். அதை அளந்து திருத்துபவர் சிலரே. அந்தச் சிலரில் நீங்களும் ஒருவராகுங்கள்.