பெயரைக் காப்போம்



சிங்கப்பெருமாள் கோவில் போன்ற ஊர்களில் ஆலயத்துக்கென இணையதளம் அமைக்க இளைஞர் முன்வருவது கண்டு மகிழ்கிறோம். கணினிகள் ஒன்றையொன்று எண்களால் அறிகின்றன. நாமோ பெயர்களையே நினைவில் கொள்கிறோம். பெயரைக் கேட்டு உரிய எண்ணைச் சொல்வதே டி.என்.எஸ். சர்வரின் தொண்டு. 1983இல் பால் மொக்கபெட்ரிஸ் வகுத்த முறை இது. 2011இல் '.இந்தியா' என்ற தமிழ் முடிவும் உலகப் பட்டியலில் சேர்ந்ததால், பங்கின் பெயரைத் தமிழிலேயே பதியலாம்.

1995இல் திருப்பீடம் இணையத்தில் அடியெடுத்து வைத்தபோது, அருட்சகோதரி ஜூடித் சோபலைன் அப்பணியில் முன்னின்று உழைத்தார். அங்கே மூன்று கணினிகளுக்கு மிக்கேல், கபிரியேல், ரபேல் எனப் பெயரிட்டுப் பணியைப் பகிர்ந்தளித்தனர்.

நாமும் ஒன்றையே நம்பலாகாது. பெயர் சொல்லும் சர்வர் இரண்டேனும் வெவ்வேறிடங்களில் இருக்கட்டும். ஒன்று நின்றால் மற்றது விடையளிக்கும். அதனினும் முக்கியம், பெயர்ப்பதிவு பங்கின் பெயரில் இருத்தல். கடவுச்சொல்லைப் பங்குத்தந்தையும் பங்குப் பேரவையினரும் அறிந்திருத்தல். ஒரகடத்தில் பணிபுரியும் இளைஞர் நாளை வெளிநாடு செல்லலாம். புதுப்பிக்கும் நாள் தவறினால் பெயர் பிறர் கைக்குப் போகக்கூடும். திருப்பலி நேரம் தேடி வருவோர் அந்நியர் வாசலில் நிற்பர்.

ஆடுகளைப் பெயர்சொல்லி அழைக்கும் நல்லாயனின் இல்லம் தன் பெயரை இழக்கலாமா?