இறங்கினால் என்ன தப்பு?

பூந்தமல்லி பஸ் வேலப்பன்சாவடியில் நின்றது. செல்போனில், ‘ஐயாம் கெட்டிங் டவுன்’ என்று சொல்லிக்கொண்டே ஒரு கல்லூரி மாணவி இறங்கினாள். கூட வந்த பையன் சிரித்தான். “பஸ்ஸுக்கு ‘கெட் ஆஃப்’னு சொல்லணும். ‘கெட் டவுன்’லாம் ரொம்ப லோக்கல்!” அந்தப் பெண்ணின் முகம் செத்துப்போனது.

எனக்கு அந்தச் சிரிப்பின் மேல்தான் கோபம். நீங்களும் எங்கேயாவது சிரித்திருப்பீர்கள்.

பையன் சொன்னது லண்டனில் சரி. அங்கே பஸ், ரயில், விமானத்துக்கு ‘கெட் ஆன், கெட் ஆஃப்.’ காருக்கு ‘கெட் இன், கெட் அவுட்.’ ஏன்? எழுந்து நின்று நடக்க முடிந்த வண்டி என்றால், ஏதோ ஒரு தளத்தின் மேல் நிற்பதாக ஆங்கிலம் நினைத்துக்கொள்கிறது. குனிந்து நுழைந்து உட்கார்ந்தே ஆகவேண்டும் என்றால் அது பெட்டி. (ஷேர் ஆட்டோ எதில் சேர்த்தி என்று கேட்காதீர்கள். பாதி உடம்பு வெளியேதான் இருக்கும்.)

தமிழுக்கு வண்டி முக்கியமில்லை. உடம்பு மேலேயிருந்து கீழே வருகிறதா? இறங்கு. பஸ்ஸோ, மாடியோ, மரமோ எல்லாம் ஒன்றுதான். அந்தப் பெண் படியில் கால் வைத்துக் கீழேதானே வந்தாள்? இந்தியா முழுக்க இப்படித்தான் பேசுகிறார்கள். இங்கிலாந்தில் சாப்பாட்டு மேஜையை விட்டு எழுந்து போகக் குழந்தைகள் கேட்கும் அனுமதியும் ‘கெட் டவுன்’தான். அதற்கு யாராவது சிரிக்கிறோமா?

சிரிப்பதற்குப் பதில் சொல்லித்தர வேண்டிய விஷயம் வேறு இருக்கிறது. அமெரிக்கத் தெருவில் ஒரு போலீஸ்காரர் துப்பாக்கியை நீட்டி ‘கெட் டவுன்!’ என்று கத்தினால், ‘தரையில் படு’ என்று அர்த்தம். அப்போது காரிலிருந்து இறங்கி அவரை நோக்கி நடந்தால் உயிர் போகலாம். இதை எந்த ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் சொல்கிறார்கள்? ‘கெட் அப்’, ‘கெட் டவுன்’, ‘கெட் ஓவர்’ என்று பட்டியல் போட்டு, பக்கத்தில் அர்த்தம் எழுதி, மனப்பாடம் பண்ணு என்கிறார்கள்.

ஜேம்ஸ் ஆஷர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1960-களிலேயே, கட்டளை கொடுத்து உடம்பை அசைக்கவைத்து மொழி கற்பிக்கும் முறையைச் செய்து காட்டினார். நம் பள்ளிகளில் உடம்பை வைத்து நடத்திய ஒரே ஆங்கிலப் பாடம், ‘ஸ்டாண்டப் ஆன் த பெஞ்ச்.’ பாருங்கள், அது மட்டும் இன்றுவரை யாருக்கும் மறக்கவில்லை!

அதே பெஞ்சில் பிள்ளைகளை ஏற்றுங்கள், தண்டனையாக இல்லாமல். ‘கெட் டவுன்’ என்றால் இறங்கட்டும். ‘பந்து வருது, கெட் டவுன்!’ என்றால் தலையைக் குனியட்டும். போலீஸ் குரலில் சொன்னால் தரையில் படுக்கட்டும். பத்து நிமிஷம் போதும் டீச்சர்.