நான்காம் படியில் தொடங்கும் ஏணி

ஒரு லட்சம் கோடி ரூபாய் ஆராய்ச்சி நிதிக்குப் பாராட்டு வேண்டிய மட்டும் கிடைத்துவிட்டது. 2025 ஜூலை 1 அன்று மத்திய அமைச்சரவை அதற்கு ஒப்புதல் தந்தபோது கைதட்டினார்கள். நவம்பரில் பிரதமர் தொடங்கிவைத்தபோது மீண்டும் கைதட்டினார்கள். ஆராய்ச்சிக்குப் பணம் எடுத்துவைக்கத் தயங்கும் நம் தனியார் நிறுவனங்களுக்கு மலிவு வட்டியில் நீண்டகாலக் கடன் கொடுப்பதில் தவறில்லை. நம்மை உறுத்துவது அதில் செருகப்பட்ட ஒரு நிபந்தனை. தொழில்நுட்பத் தயார்நிலை அளவுகோலில் நான்காம் படியை எட்டிய திட்டங்களுக்குத்தான் இந்தப் பணமாம்.

அந்த அளவுகோலை வகுத்தது நாசா. அதில் ஒன்பது படிகள். அடிப்படைத் தத்துவத்தைக் கண்டறிவது முதல் படி. அதை எதற்குப் பயன்படுத்தலாம் என்று வகுப்பது இரண்டாவது. நடக்கும் என்று சோதனையில் காட்டுவது மூன்றாவது. பாகங்களை ஒன்றுசேர்த்து ஆய்வகத்தில் சரிபார்க்கும் நான்காம் படிக்கு வந்த பிறகுதான் கடனைப் பிரித்துக் கொடுக்கும் நிதி மேலாளர் கண் திறப்பார். கீழே மூன்று படி இல்லாத ஏணியைச் சுவரில் சாய்த்துவிட்டு, ஏறி வருகிறவர்களுக்குக் கடன் தருகிறோம் என்கிறார்கள்.

கீழ்ப்படிகளுக்குத்தான் அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை இருக்கிறதே என்பது அரசின் பதில். இருக்கிறது. 2023இல் அதற்குச் சட்டம் இயற்றியபோது ஐந்தாண்டுக்கு 50,000 கோடி என்றார்கள். அதில் அரசின் பங்கு 14,000 கோடி. மீதி 36,000 கோடி தொழில் நிறுவனங்களிடமிருந்தும் கொடையாளர்களிடமிருந்தும் வரும் என்றார்கள். ஆராய்ச்சிக்குச் செலவழிக்கத் தனியாருக்கு மனமில்லை என்பதால் அரசு அவர்களுக்குக் கடன் கொடுக்கிறது. அதே தனியார் அரசின் அறக்கட்டளைக்கு அள்ளிக் கொடுப்பார்கள் என்றும் அரசு நம்புகிறது. இரண்டு கோப்பும் ஒரே மேசையைத் தாண்டித்தான் போயிருக்கும். யாருக்கும் சிரிப்பு வரவில்லையா?

புதிதாக ஒன்றைச் செய்யும் திறன் ஒரு நிறுவனத்துக்கு எப்படி வருகிறது? தெரிந்த ஆட்கள் கலையாமல் இருக்க வேண்டும். கையில் கருவி இருக்க வேண்டும். தோற்றாலும் மறுபடி முயல அவகாசம் வேண்டும். இந்த மூன்றும் நம் பல்கலைக்கழக ஆய்வகங்களில் என்ன பாடு படுகின்றன என்பதை அங்கே ஒரு வேலைநாள் உட்கார்ந்து பார்த்தாலே தெரியும்.

முதலில் கருவி. பொதுப்பணத்தில் நடக்கும் ஆய்வு நிறுவனங்கள் வாங்கும் அறிவியல் கருவிகளுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதமாக இருந்தது. 2022 ஜூலையில் அந்தச் சலுகையை நீக்கினார்கள். பெரும்பாலான கருவிகளுக்கு வரி 18 ஆனது. ஒரு கோடி ரூபாய் மானியம் வாங்கிய பேராசிரியர் அந்த ஒரு கோடிக்கும் கருவி வாங்கினால் பதினைந்தே கால் லட்சம் வரியாகப் போகும். முன்பு போனது ஐந்து லட்சத்துக்கும் குறைவு. அரசு கொடுத்த பணத்தை அரசே வழியில் நின்று பிடுங்கிக்கொள்கிறது. இதில் கஜானாவுக்கு என்ன லாபம் என்று எந்தக் கணக்காயர் கணக்கிட்டாரோ தெரியாது. ஆய்வகத்துக்கு நஷ்டம் என்ன என்பதற்குக் கணக்காயர் தேவையில்லை.

வரியைக் கட்டினாலும் வாங்கிவிட முடிகிறதா? சீருடைத் துணிக்கும் அலுவலக நாற்காலிக்கும் எழுதிய விதியை நொதிகளுக்கும் நிறமாலைமானிகளுக்கும் பொருத்தினார்கள். எதுவானாலும் முதலில் அரசின் மின்சந்தையான ஜெம் தளத்தில் தேட வேண்டியிருந்தது. கேட்ட தரத்துக்குப் பக்கத்தில்கூட வராத பொருளைக் குறைந்த விலைக்காரர் நீட்டினால், அது ஏன் வேண்டாம் என்று ஆராய்ச்சியாளர் பக்கம் பக்கமாக விளக்கம் எழுத வேண்டியிருந்தது. சோதனைக்குழாயைப் பிடிக்க வேண்டிய கை கொட்டேஷன்களை ஒப்பிட்டு அட்டவணை போட்டது. விஞ்ஞானிகள் ஆண்டுக்கணக்கில் கத்திய பிறகு, 2025 ஜூனில் மனமிரங்கினார்கள். இயக்குநரும் துணைவேந்தரும் தேவைப்பட்டால் ஜெம் தளத்துக்கு வெளியே வாங்கலாம். கொட்டேஷன் இல்லாமல் வாங்கும் வரம்பு ஒரு லட்சத்திலிருந்து இரண்டு லட்சம். நல்லது. இடையில் வீணான ஆண்டுகளை எந்த அரசாணை திருப்பித் தரும்?

அடுத்தது ஆட்கள். இளநிலை ஆய்வாளரின் மாத உதவித்தொகையை 2023 முதல் 37,000 ரூபாயாக உயர்த்தினார்கள். உயர்த்தியதைப் பெரிய எழுத்தில் அறிவித்தவர்கள், அது மாதக்கணக்கில் வராமல் மாணவர்கள் கடன் வாங்கி விடுதி வாடகை கட்டியதைப் பற்றிச் சின்ன எழுத்தில்கூடப் பேசவில்லை. 1999இல் தொடங்கிய கிஷோர் வைஞானிக் திட்டம் பள்ளி முடிக்கும் வயதிலேயே பிள்ளைகளை அறிவியலுக்கு இழுத்துவந்தது. 2022இல் அதை நிறுத்தி இன்ஸ்பயர் திட்டத்தோடு கரைத்தார்கள். உதவித்தொகை வரவில்லை என்று அதிகம் புலம்பியவர்கள் அந்த இன்ஸ்பயர் மாணவர்கள்தான்.

இதே அரசுக் கோப்பறையின் பழைய சாதனைகள் இன்னும் உண்டு. 2024இல் ஆய்வு மானியத்துக்கே ஜிஎஸ்டி கேட்டு நோட்டீஸ் அனுப்பினார்கள். ஐஐடி டில்லியிடம் மட்டும் கேட்டது 120 கோடி. நாடு சிரித்த பிறகு செப்டம்பரில் விலக்கு வந்தது. தனியார் ஆராய்ச்சி வளரவில்லையே என்று இப்போது கண்ணீர் விடுகிறார்கள். சொந்த ஆய்வகத்தில் செலவிடும் நிறுவனங்களுக்கு இருந்த 200 சதவீத வருமான வரிக் கழிவை 2017இல் 150 ஆகவும் 2020இல் 100 ஆகவும் வெட்டியது யார்? எதிர்க்கட்சியா, வெளிநாட்டுச் சதியா? நாட்டின் மொத்த ஆராய்ச்சிச் செலவு உள்நாட்டு உற்பத்தியில் 0.64 சதவீதத்தில் நிற்பதற்கு வானிலை காரணமில்லை.

அவகாசம் என்றால் என்ன என்பதற்கு நெல்லைச் சீமையில் இருக்கும் இஸ்ரோவின் மகேந்திரகிரியைப் பார்க்கலாம். 1993இல் அமெரிக்க நெருக்குதலால் கிரையோஜெனிக் ராக்கெட் எஞ்சின் தொழில்நுட்பத்தைத் தர ரஷ்யா மறுத்தது. மறு ஆண்டு இஸ்ரோ தானே செய்யத் தொடங்கியது. 2010 ஏப்ரலில் அந்த எஞ்சினோடு போன ராக்கெட் வங்கக் கடலில் விழுந்தது. யாரையும் வீட்டுக்கு அனுப்பவில்லை. அதே ஆட்கள் தவறைத் தேடிப் பிடித்துத் திருத்தினார்கள். 2014 ஜனவரி 5இல் வென்றார்கள். ஏறக்குறைய இருபது ஆண்டுகள். புதிய நிதியும் அதே அனுசந்தான் அறக்கட்டளை வழியாகத்தான் போகிறது; அதில் ஐம்பதாண்டு வட்டியில்லா அவகாசம் அறக்கட்டளைக்குக் கிடைக்கிறது. நிறுவனத்துக்கும் அறக்கட்டளைக்கும் நடுவே உட்காரும் நிதி மேலாளர் இருபது ஆண்டுகள் பொறுப்பாரா? கடலில் விழுந்ததை வாராக்கடன் என்றுதான் எழுதுவார்.

நான்காம் படி நிபந்தனையை அரசு மறுபரிசீலனை செய்ய வேண்டும். அந்த ஒரு லட்சம் கோடியில் ஒரு பங்காவது கடனாக இல்லாமல் மானியமாகக் கீழே இறங்க வழி காண வேண்டும். அது எந்த வழி, எந்தத் தலைப்பு, எந்த விதி என்பதெல்லாம் கோப்பறையில் இருப்பவர்களுக்கு நம்மைவிட நன்றாகவே தெரியும். தடுப்பதற்கு விதி கண்டுபிடிப்பதில் அவர்கள் இதுவரை திணறியதே இல்லை. உட்கார்ந்து யோசிக்கும் முன் ஏதாவது ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு வந்து, நொதி வாங்க ஒரு கொள்முதல் கோப்பை அவர்களே எழுதி அனுப்பிப் பார்க்கட்டும்.