ஓலை வளைத்த எழுத்து

குருத்தோலை ஞாயிறன்று திருப்பலி முடிந்து மக்கள் கலைந்துகொண்டிருந்த வேளை. சாயல்குடிப் பக்கத்தில் குருத்தோலைக்கு என்ன பஞ்சம்? திரும்பிய திசையெல்லாம் பனைதானே! பெரியவர்கள் ஓலையைச் சிலுவையாக மடித்து வீட்டிற்கு எடுத்துச் செல்ல, சிறுவன் ஒருவன் மட்டும் கோயில் திண்ணையில் அமர்ந்து, ஊக்கு முனையால் தன் ஓலையில் பெயரைக் கீறிக்கொண்டிருந்தான். அருகே சென்றோம். அவன் முகத்தில் சலிப்பு. “அய்யா, வளைச்சு எழுதுனா நிக்குது. படுக்கக் கோடு இழுத்தா கிழியுது. புள்ளி வச்சா ஓட்டை விழுந்துருது” என்றான்.

தமிழ் எழுத்தின் வரலாற்றில் ஒரு பெரிய அதிகாரத்தையே அச்சிறுவன் மூன்று வாக்கியங்களில் சொல்லிவிட்டான் என்பதை அவன் அறியான். பனையோலையின் நரம்பு நீளவாக்கில் ஓடுகிறது. அதன் போக்கிலேயே எழுத்தாணியை நேராக இழுத்தால் ஓலை பிளந்துவிடும். ஆகவே எழுதுவோர் கோடுகளை வளைத்தனர், சுழித்தனர். நம் எழுத்துகள் இத்துணை வளைவும் சுழியும் பெற்றமைக்கு இதுவும் ஒரு காரணம் என்பர் அறிஞர். புள்ளியின் கதையோ இன்னும் விந்தையானது. மெய்யெழுத்துக்குப் புள்ளி உண்டு என்பது தொல்காப்பியம் கூறும் விதி. குறில் எகர ஒகரங்களுக்கும் அந்நூல் புள்ளி வகுத்தது. ஆனால் கூரிய எழுத்தாணியால் குத்தினால் ஓலை துளைபடுமே! ஏடு எழுதியோர் புள்ளியைப் பெரும்பாலும் விட்டுவிட்டனர். ‘அப்பம்’ என்பது ஏட்டில் ‘அபபம’ என நிற்கும். ‘எரி’ என்றாலும் ‘ஏரி’ என்றாலும் எழுத்து ஒன்றே. நெருப்பா, நீரா என்பதை இடம் நோக்கி வாசகரே உணர்ந்துகொள்ள வேண்டும்! கற்றவருக்கு இது பழக்கத்தில் எளிது. புதிதாகக் கற்பவன் பாடுதான் திண்டாட்டம்.

பின்னர் அச்சு வந்தது. முத்துக்குளித்துறை மக்களிடையே உழைத்துத் தமிழ் பயின்ற அண்டிரிக் அடிகளாரின் ‘தம்பிரான் வணக்கம்’ 1578-ஆம் ஆண்டு அக்டோபர் 20-ஆம் நாள் கொல்லத்தில் அச்சேறியது. பதினாறே பக்கங்கள் கொண்ட சிறுநூல். தமிழ் எழுத்தில் அச்சாகி இன்று நமக்குக் கிடைப்பவற்றுள் இதுவே மூத்தது. அச்சிட்டது காகிதத்தில். எழுத்தோ ஈயம் போன்ற உலோக வார்ப்பு. காகிதம் கிழியாது, துளைபடாது. ஆயினும் குறிலும் நெடிலும் அங்கும் வேறுபாடின்றியே நின்றன. ஓலை போயிற்று, ஓலைக்கு அஞ்சிய பழக்கம் போகவில்லை. நம் வீடுகளிலும் இப்படிக் காரணம் மறைந்தபின் காரியம் மட்டும் தொடர்ந்து நடப்பது உண்டல்லவா?

நூற்றாண்டு ஒன்று கடந்தது. இத்தாலியில் 1680-இல் பிறந்து, மறைப்பணிக்காகத் தமிழகம் வந்த கொன்ஸ்தந்தீன் யோசேப்பு பெஸ்கி என்னும் நம் வீரமாமுனிவர் தமிழ் கற்க அமர்ந்தார். ‘தேம்பாவணி’ பாடிய புலவராக அவர் உயர்ந்தது பிற்பாடு. முதலில் அவரும் ஏட்டைக் கையில் வைத்துக்கொண்டு, இது குறிலா நெடிலா என்று மயங்கிய மாணவரே. தாய்ப்பாலோடு தமிழ் உண்டவர்க்கு உறுத்தாத முள், வளர்ந்தபின் கற்கவந்த அவருக்கு உறுத்தியது. நெடில் எகரத்தின் காலை நீட்டி ‘ஏ’ என்றார். ஒகரத்தின் அடியைச் சுழித்து ‘ஓ’ என்றார். கொம்பின் தலையைச் சுழித்து ‘கே’ என்பதைக் ‘கெ’யினின்று பிரித்தார். இன்று நாம் எழுதுவது அவர் வகுத்த அம்முறையே.

இதில் நம்மைக் கவர்வது ஒன்றுண்டு. எகர ஒகரங்களுக்குப் பழைய புள்ளியையே மீண்டும் வைத்தால் போதும் என்று அவர் விட்டுவிடவில்லை. நீட்டலும் சுழித்தலும் ஓலை தாங்கும் வேலைகள். எழுத்தாணி அஞ்சாமல் செய்யக்கூடியவை. ஓலையின் குணத்தை அறிந்தே திருத்தினார் என்று நமக்குத் தோன்றுகிறது.

திருத்தம் அத்தோடு நின்றுவிடவுமில்லை. 1978 அக்டோபரில் தமிழக அரசு பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று ஆணையிட்டது. துதிக்கை தூக்கிய யானைபோல் நின்ற பழைய ‘லை’யும் ‘னை’யும் அதன்பின் பள்ளி நூல்களிலிருந்து மறைந்தன. பாட்டியின் பழைய செபப்புத்தகத்தை இன்றைய பேரப்பிள்ளையிடம் கொடுத்துப் பாருங்கள். நான்கு வரிக்குள் ஓரிடத்தில் தடுக்கி நிற்பான். “இது என்ன எழுத்து பாட்டி?” என்று கேட்பான். அக்கேள்வியை, “சும்மா வாசிடா” என்று அடக்கிவிடுவது நம்மில் பலருக்கு வழக்கமாகிவிட்டது. வீரமாமுனிவரையும் யாரேனும் அப்படி அடக்கியிருந்தால், நாம் இன்னும் எரிக்கும் ஏரிக்கும் இடையே தடுமாறிக்கொண்டிருப்போமோ என்னவோ!

ஓலையைப் பற்றி இவ்வளவு எழுதியபின், ஓலை வெட்டுகிறவரைப் பற்றி எழுதாமல் விட மனம் வரவில்லை. தமிழ் நூல்களையெல்லாம் பல நூற்றாண்டுகளாகத் தாங்கி நின்றது பனை. அந்தப் பனையில் ஏறி இறங்கியவர்களுள் எத்தனை பேருக்கு அவ்வேட்டை வாசிக்கும் வாய்ப்புக் கிடைத்தது? இன்றும் நம் பகுதியில் பங்குனி, சித்திரையில் பதநீர்ப் பருவம் வந்துவிட்டால், குடும்பத்தோடு தோப்புக்குப் பெயர்ந்து, விடிலியில் தங்கிக் கருப்பட்டி காய்ச்சுவோர் உண்டு. பள்ளியில் ஆண்டுத் தேர்வு நெருங்குவதும் அதே பருவத்தில்தான். தாயோடு சென்ற பிள்ளை விறகு பொறுக்கும், அடுப்புப் பார்க்கும். வகுப்பில் அதன் இடம் காலியாகக் கிடக்கும். நம் ஞாயிறு மறைக்கல்விப் பதிவேட்டிலும் ‘வரவில்லை’ என்று ஒரு குறி விழும். அதற்குமேல் விசாரிப்போர் அரிது.

பங்கின் இளைஞர் இருவர் வாரத்தில் இரண்டு மாலை மிதிவண்டியில் அத்தோப்புகளுக்குச் சென்று வரலாகாதா? கட்டடம் வேண்டாம், கரும்பலகை வேண்டாம். திண்ணைப் பள்ளியில் நம் முன்னோர் மணலில் விரலால் எழுதித்தானே தொடங்கினர். தேரி மணல் அங்கே வேண்டிய மட்டும் உண்டு. ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும்: பாகு கொதிக்கும் நேரத்தில் சென்றால் தாய்க்கும் பிள்ளைக்கும் தலைநிமிர நேரமிராது. கருப்பட்டி வார்த்து, அடுப்பு அணைந்தபின் செல்வதே நல்லது.